பொன்னாடை உலர்த்தும் கடற்கரை

புதுச்சேரியில் பொன்னாடைகள் கழற்ற வராமல் போனது ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கடற்கரையை ஒட்டிய மஞ்சள் கட்டடத்தில், பேராசிரியர் விருத்தகிரிக்கு நடந்த பாராட்டு விழாவின் முடிவில். விழா முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய், போர்த்திய பொன்னாடைகளைத் திரும்ப வாங்கி, மடிப்புக் கலையாமல் கண்ணாடித்தாள் உறையில் போட்டு அடுத்த விழாவுக்கு எடுத்துவைப்பது கடலோர இலக்கியப் பேரவையின் வழக்கம். அந்த ஒரு டஜன் பொன்னாடைகளும் பல வருடங்களாக ஊரிலுள்ள எல்லாத் தோள்களிலும் ஏறி இறங்கி, ஒரு கழுத்தின் வேர்வையை அடுத்த கழுத்துக்கு அறிமுகம் செய்துவைத்திருந்தன. அன்று பேரவையின் செயலாளர் கலிவரதன் வழக்கம்போலக் கையை நீட்டினார். பேராசிரியர் தோளைக் குலுக்கினார், பிறகு இழுத்தார், பிறகு இருவருமாகச் சேர்ந்து இழுத்தார்கள். பொன்னாடை தோலோடு தோலாக இருந்தது.

"சரி ஐயா, நாளைக்குக் குடுங்க" என்றார் கலிவரதன்.

மறுநாளும் வரவில்லை. மறுவாரம் ஒரு நாடகாசிரியருக்கும், அதற்கடுத்த வாரம் இரண்டு கவிஞர்களுக்கும், அவர்களை வாழ்த்திப் பேச வந்த பள்ளித் தாளாளருக்கும் அப்படியே ஆனது. தோல் மருத்துவர் பார்த்துவிட்டு இது நோயில்லை என்றார். தையல்காரர் கத்தரித்துப் பார்த்தார், வெட்டிய இடம் விடிவதற்குள் கூடிக்கொண்டது. ஊருக்குப் பயம் வந்தது உண்மைதான், ஆனால் அது ஞாயிற்றுக்கிழமைவரைதான் இருந்தது, ஏனென்றால் திங்கட்கிழமைப் பத்திரிகையில் ஒரு விமர்சகர், தகுதியுள்ள தோளைத் துணி விட்டுப் பிரிவதில்லை என்று எழுதிவிட்டார். தகுதியில்லாத யாருக்காவது ஒட்டாமல் போயிற்றா என்று ஒருவரும் கேட்கவில்லை, போர்த்தப்பட்ட எல்லோருக்கும் ஒட்டியது, ஆகவே போர்த்தப்பட்ட எல்லோருக்கும் தகுதி இருந்தது. ஊருக்கு இந்தக் கணக்கு பிடித்துப்போயிற்று.

அதன்பிறகு ஊர் தன்னைச் சரிசெய்துகொண்டது. ஆட்டோக்காரர்கள் பின்னிருக்கையில் மூன்று பேர் என்பதை இரண்டு எழுத்தாளர் என்று மாற்றிக்கொண்டார்கள், முடிதிருத்துகிறவர்கள் விரிப்புத் துணியை விட்டுவிட்டார்கள், வீட்டுப் பெண்கள் கணவன்மாரின் பொன்னாடை மடிப்புகளுக்குள் அந்துருண்டைகளைச் செருகிவிட்டு வேறு அறையில் படுத்துக்கொண்டார்கள். ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும்கூடப் போர்த்தினார்கள். வலது கை முழுவதும் மூடிப்போன ஓவியர் ஒருவர் தூரிகையை வைத்துவிட்டு ஓவியத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார், அதற்காக அவருக்கு இடது கையும் மூடிப்போகும் அளவுக்குப் பொன்னாடைகள் வந்தன. எழுதுகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள், அது யார் கண்ணிலும் படவில்லை. குளித்தால் துணியோடு குளிக்க வேண்டும், துணியோடு உலர வேண்டும் என்பதால், காலையில் பெருமக்கள் எல்லோரும் கடற்கரைச் சாலையின் சுவரில் வரிசையாக உட்கார்ந்து, நீர்க்காகங்களைப் போலக் கைகளை விரித்துக் காய்ந்தார்கள். சிவப்பு, கிளிப்பச்சை, கத்தரிப்பூ நிறம், எல்லாவற்றிலும் ஓரத்தில் பித்தளை மினுக்கும் சரிகை. வெளியூர்க்காரர்கள் இதைப் பார்க்க வந்தார்கள். மஞ்சள் சுவருக்கும் காகிதப்பூவுக்கும் முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டவர்கள், இப்போது ஒரு நாவலாசிரியருக்கு முன்னால் நின்று எடுத்துக்கொண்டார்கள். வண்ணங்களின் நகரம் என்று ஊர் எல்லையில் பலகை வைத்தார்கள். அந்த வண்ணங்களுக்குப் பின்னால் கடல் தெரியாமல் போனது பற்றி யாரும் பலகை வைக்கவில்லை.

ஊரில் வெறும் தோளோடு இருந்த இலக்கியவாதி கலிவரதன் ஒருவர்தான். போர்த்துவது செயலாளரின் வேலை, போர்த்துகிறவருக்கு யார் போர்த்துவார்கள். இளவயதில் அவர் ஒரு கவிதைப் புத்தகம் போட்டிருந்தார், அது வெளியானதை அவர் ஒருவர்தான் அறிவார். காலையில் அவரும் ஒரு துண்டை நனைத்துத் தோளில் போட்டுக்கொண்டு சுவரில் போய் உட்காருவார், மற்றவர்களைப் போலக் கைகளை விரிப்பார், ஆனால் துண்டு காய்ந்ததும் கையோடு வந்துவிடும், அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்துபோவார். போர்த்தும்போது அவர் எப்போதும், அந்த ஊரில் போர்த்துகிற எல்லோரையும் போலவே, போர்த்தப்படுகிறவரைப் பார்க்க மாட்டார், புகைப்படக்காரரைப் பார்ப்பார். ஒருமுறை அப்படிச் சிரித்துக்கொண்டே ஒலிவாங்கிக் கம்பத்துக்குப் போர்த்திவிட்டார். அதுவும் கழற்ற வரவில்லை. அந்தக் கம்பத்தை இப்போது விழாக்களில் முன்வரிசையில் நிறுத்திவைக்கிறார்கள்.

இந்த ஊருக்குத்தான் ஒரு மார்ச் மாதக் காலையில், சின்னமனூரிலிருந்து ஒச்சம்மாள் வந்து இறங்கினாள், மார்ச் மாதத்தில்தான் பேரவைக்குப் பெண்கள் எழுதுவது நினைவுக்கு வரும். அவளுடைய முதல் சிறுகதைத் தொகுதி அப்போதுதான் வந்திருந்தது. கூட அவள் கணவன் சுருளிவேல், கூட்டுறவு வங்கியில் எழுத்தர், பொன்னாடைப் படம் வந்தால் பெரிதாக்கி வங்கியில் மாட்டுவதாக மேலாளரிடம் சொல்லிவிட்டு வந்தவன். அவன் தோளில் ஏழு மாதப் பெண் குழந்தை. ஒச்சம்மாளுக்கு இரண்டு ஆசைகள் இருந்தன. கடலைப் பார்க்க வேண்டும், அவள் அதுவரை வைகை அணையைவிடப் பெரிய தண்ணீரைப் பார்த்ததில்லை. தன் கதையில் ஒரு பக்கத்தையாவது நாலு பேர் முன்னால் வாசிக்க வேண்டும், ஏனென்றால் அவளுக்குத் தெரிந்து அதை யாரும் படித்திருக்கவில்லை.

ஆட்டோ கடற்கரைச் சாலையில் திரும்பியது.

"என்னண்ணே, ஜவுளிக்கடை ஏலமா?" என்றான் சுருளிவேல்.

"எழுத்தாளருங்க சார். காய்றாங்க."

"துணியவா காயப்போட்டுருக்காங்க?"

"துணி இல்ல சார், ஆளே காய்றாங்க. போத்துனா கழட்ட வராது. மாசி மகத்துக்கு வர்ற சாமிக்கே கரையில துணி மாத்துறாங்க, இவங்களுக்கு மாத்த முடியல." ஓட்டுநர் ஒலிப்பானை அடித்து ஒரு சிறுகதையாசிரியரை ஒதுங்கச் செய்தார். "கடல் பாக்கணும்னா பத்து மணிக்கு மேல வாங்க, கொஞ்சம் இடுக்குல தெரியும்."

ஒச்சம்மாள் எக்கிப் பார்த்தாள். தோள்களுக்கு அப்பால் சத்தம் மட்டும் கேட்டது.

அவர்களைத் தங்கவைத்திருந்த விடுதி ஒரு பழைய வீடு. அதை நடத்துகிறவள் மர்த்தீன் அம்மாள், பிரெஞ்சுப் பட்டாளத்தில் ஓய்வூதியம் வாங்கிய ஒருவரின் விதவை, தெருவில் எல்லோருக்கும் மதாம். காலைப் பலகாரம் கொண்டுவந்தவள், கட்டிலில் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒச்சம்மாளைப் பார்த்ததும் தட்டை வைக்காமல் நின்றாள்.

"நீயாம்மா எழுதுறது? உனக்கா சாயந்தரம் போத்தப் போறாங்க?"

"எனக்குத்தான் மதாம்."

"கொழந்த புட்டி குடிக்குமா?"

"வச்சாத் துப்பிருது. காலையில இருந்து ராத்திரி வரைக்கும் நான்தான்."

மர்த்தீன் அம்மாள் தட்டை மேசைமேல் வைத்தாள். "இன்னாம்மா நீ. அது கழுத்துல இருந்து மாருக்கு மேல மூடிக்கும். அப்புறம் ஜாக்கெட் கொக்கி எங்க இருக்குதுன்னு உன் வெரலுக்கே தெரியாது."

"செத்த ஒதுக்கிக்கிட முடியாதா?" என்றான் சுருளிவேல்.

"எங்க வூட்டுக்காரர் தெருப் பேருங்கள பத்தி ஒரு புத்தகம் எழுதினாரு தம்பி, வெளக்கமா. அதுக்கு எட்டு தடவ போத்துனாங்க. மார்வலி வந்தப்போ டாக்டர் குழாய வெக்க எடம் தேடுறாரு, இல்ல. முதுகுல தேடுறாரு, அங்கயும் இல்ல. பெட்டியில வெச்சப்போ மூடி ஏறல. தச்சனை கூப்ட்டு சுத்தியும் அரை அடிப் பலகை ஏத்துனோம்." அவள் குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்தாள். "இதுவரைக்கும் பொம்பளைங்கன்னா ரிட்டயர் ஆன டீச்சருங்களுக்குத்தான் போத்தியிருக்காங்க. அவங்களுக்கு இன்னா, பேரன் எடுத்தவங்க."

அவள் போனபின் ஒச்சம்மாள் குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள். "நான் அவருகிட்டச் சொல்லிர்றேன். சால்வை வேணாம், நான் வாசிச்சிட்டு மட்டும் வந்துர்றேன்."

"ஏன்டி, படம்?" என்றான் சுருளிவேல். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இட்லியைப் பார்த்தான்.

கலிவரதன் மதியம் வந்தார். வெறும் தோள்களில் வெள்ளைச் சட்டை விறைப்பாக இருந்தது. கையில் அழைப்பிதழ், தாய்மையின் குரல் என்று விழாவுக்குப் பேர் போட்டிருந்தது. ஒச்சம்மாளின் புத்தகத்தில் இருந்தவர்கள் மாட்டுத் தரகர்களும், லாடம் அடிக்கிறவர்களும், சந்தையில் சீட்டாடுகிறவர்களும்தான், ஒரு தாய்கூட அதில் வரவில்லை.

"சால்வை வேணாங்கய்யா" என்றாள். "ஒரு புத்தகத்தக் குடுங்க, போதும்."

"எல்லாரும் மொதல்ல அப்படித்தாம்மா சொல்வாங்க. தன்னடக்கம்."

"தன்னடக்கமில்லைங்கய்யா. பிள்ளைக்குப் பால் குடுக்கணும்."

"அந்தத் தாய்மையைத்தானே நாம போற்றுறோம்."

"அப்ப நான் மொதல்லயே வாசிச்சிட்டு எறங்கிர்றேனே."

கலிவரதன் வருத்தமாகச் சிரித்தார். "வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைங்க, பொன்னாடை, அப்புறம்தான் ஏற்புரை. பொன்னாடை இல்லாம ஏற்புரை பண்ணா எதை ஏத்துக்கிட்டீங்கன்னு ஜனங்க கேப்பாங்க. பொன்னாடை இல்லன்னா அது விழாவே இல்லம்மா, வெறும் கூட்டம்." எழுந்துகொண்டவர் கதவருகில் நின்றார். "எத்தனையோ பேரு இதுக்குக் காத்துக் கெடக்கிறாங்க" என்றார், யார் என்று சொல்லவில்லை.

சாயந்தரம் மஞ்சள் கட்டடம் நிறைந்துவிட்டது. ஊரின் பொன்னாடைகள் அத்தனையும் அங்கே வந்து உட்கார்ந்தன. நாற்காலிகள் ஒன்றுவிட்டு ஒன்று போடப்பட்டிருந்தன, முன்வரிசையில் கம்பமும் இருந்தது, மூடிய ஜன்னல்களுக்குள் அந்துருண்டை வாசம் சுற்றிச்சுற்றி வந்தது. மேடையில் நடுநாற்காலியில் ஒச்சம்மாள், மடியில் புத்தகம், வாசிக்க வேண்டிய பக்கத்தில் விரல். பின்வரிசையில் சுருளிவேல், குழந்தையோடு. புறப்படும் முன் வயிறு நிறையக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தாள், விழா சொன்ன நேரத்துக்குத் தொடங்கும் என்று நம்பி.

தலைமையுரை ஆற்ற விருத்தகிரி எழுந்தார், அவரை இரண்டு பேர் எழுப்பினார்கள். "சகோதரி ஒச்சம்மாளின் இந்தக் கவிதை நூல்" என்று அவர் தொடங்கினார். ஒச்சம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "இந்தக் கவிதை நூலின் ஒவ்வொரு வரியிலும் பால் மணக்கிறது" என்று அவர் தொடர்ந்தார், தொடர்ந்துகொண்டே இருந்தார், அவருக்குப் பின் வந்தவரும் பால் மணப்பதாகவே சொன்னார், அவருக்குப் பின் வந்தவர் அந்தப் பாலைக் கடலோடு ஒப்பிட்டார், அவருக்குப் பின் வந்த ஓவியர் கைகளை அசைக்க முடியாததால் தலையை மட்டும் ஆட்டி, தாயின் மார்பை நம் மரபு எப்படித் தீட்டியிருக்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் குழந்தை அழ ஆரம்பித்தது.

முதலில் முனகல்தான். சுருளிவேல் எழுந்து ஆட்டினான், சாவிக்கொத்தைக் காட்டினான், விரலைக் கொடுத்தான். குழந்தை விரலைத் துப்பிவிட்டு முழு மூச்சோடு அழுதது. மேடையில் ஒச்சம்மாளின் ரவிக்கை நனைந்தது, அவள் புத்தகத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள், அட்டையும் நனைந்தது.

முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு கிளிப்பச்சை திரும்பியது. "தம்பி, கொழந்தய வெளிய எடுத்துட்டுப் போங்க. தாய்மையைப் பத்திப் பேசறாங்க இல்ல."

சுருளிவேல் வெளியே போகத்தான் திரும்பினான். வாசல்வரை போனவன், குழந்தை அழுகையில் மூச்சை நிறுத்தி நீலமாகப் போவதைப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பி, நாற்காலிகளுக்கு நடுவே நேராக மேடைக்கு நடந்தான். வங்கியில் யாரிடமும் குரலை உயர்த்தாதவன், போகும் வழியில் கம்பத்தைத் தட்டிவிட்டான். "இந்தா, பிடி" என்று குழந்தையை ஒச்சம்மாளின் கையில் திணித்தான்.

ஓவியர் நிறுத்திக்கொண்டார். நிலைமையைச் சமாளிப்பதில் கலிவரதன் பழகியவர். "இதோ, தாயும் சேயுமாக நம் முன்னே காட்சி தரும் அம்மையீருக்குப் பேரவையின் சார்பில் பொன்னாடை" என்று ஒலிவாங்கியில் சொல்லிவிட்டு, கண்ணாடித்தாளைக் கிழித்து, அடர் சிவப்புப் பொன்னாடையை உதறி இரண்டு முனைகளையும் இரண்டு கைகளில் பிடித்து விரித்தார். புகைப்படக்காரர் முழங்காலில் உட்கார்ந்தார். கலிவரதன் அவரைப் பார்த்துச் சிரித்தார்.

ஒச்சம்மாள் எழுந்து நின்றாள். பொன்னாடை வலை வீசியதுபோல் அவள் தலைக்கு மேல் வந்தது. அவள் குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, சந்தையில் மாட்டுக் கயிற்றுக்கு அடியில் நுழைவதுபோலக் குனிந்து, துணிக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வந்தாள். புத்தகம் கீழே விழுந்தது, அதை அவள் எடுக்கவில்லை. கலிவரதன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு கையால் பொன்னாடையின் நடுப்பகுதியைப் பிடித்துத் தூக்கி, அவருடைய தலைக்கு மேலாகக் கொண்டுபோய், கழுத்தில் இறக்கினாள்.

"நீங்களே வச்சுக்கங்கய்யா" என்றாள்.

முனைகள் அவர் கையில்தான் இருந்தன. இத்தனை வருடப் பழக்கத்தில் அந்தக் கைகள் தாமாகவே முனைகளை மார்புக்கு நேராகக் கொண்டுவந்து சேர்த்தன. வெளிச்சம் பளிச்சென்று அடித்தது. அதற்குப் பிறகுதான் கலிவரதன் குனிந்து பார்த்தார்.

அவர் ஒரு விரலால் சரிகையை மெல்ல இழுத்துப் பார்த்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்துப் பார்த்தார். வரவில்லை என்பது உறுதியானதும் அவருடைய முகம் ஒருமுறை கோணி நேரானது. ஒலிவாங்கியை வாய்க்கு அருகே இழுத்து, குறிப்பு எதுவும் பார்க்காமல், "பேரன்பு கொண்ட அவையீர், இந்தச் சிறியேனைப் பொருட்படுத்தி" என்று, எத்தனை வருடங்களாகவோ குளியலறையில் சொல்லிச்சொல்லி மெருகேறிப்போன ஏற்புரையைத் தொடங்கினார். ஒச்சம்மாள் வாசிக்க வேண்டிய நேரம் அது. அவள் அதற்குள் படியிறங்கியிருந்தாள்.

நடந்ததை ஊர் அந்த வாரத்துக்குள் ஜீரணித்துக்கொண்டது. கலிவரதனுக்கு ஒட்டிவிட்டதால் அவருக்கும் தகுதி இருந்தது, அவருடைய கவிதைகள் முன்பே தாம் எதிர்பார்த்தபடிதான் இருந்தன என்று விமர்சகர் எழுதினார். சின்னமனூர்க்காரிக்கு ஒட்டவில்லை என்று சிலர் பேசினார்கள், ஒட்டாதவர்களும் உண்டு என்று வந்தால் கணக்கு கெட்டுப்போகும் என்று பெரியவர்கள் யோசித்து, அப்படி ஒருவர் வரவே இல்லை என்று முடிவுசெய்தார்கள். விழாப் பதாகையில் ஒச்சம்மாளின் முகத்துக்கு மேல் கலிவரதனின் முகத்தை ஒட்டினார்கள், அவளுடைய கொண்டையில் இருந்த பூ மட்டும் அவர் காதுக்குப் பின்னால் கொஞ்ச நாள் தெரிந்துகொண்டிருந்தது. தாய்மையின் குரல் என்ற எழுத்தை மாற்றவில்லை. கலிவரதன் காலையில் மற்றவர்களோடு சுவரில் உட்கார்ந்து காய்ந்தார், மற்றவர்கள் எழுந்துபோன பிறகும் உட்கார்ந்திருந்தார்.

அதெல்லாம் பிறகு. அன்று மாலை ஒச்சம்மாள் வாசலைத் தாண்டி, சாலையைக் கடந்து, கடற்கரைச் சுவரை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனாள். ஊரின் பொன்னாடைகள் எல்லாம் மண்டபத்துக்குள் இருந்ததால் சுவர் முழுவதும் காலியாகக் கிடந்தது. கறுப்புப் பாறைகளுக்கு அப்பால் கடல் இருந்தது, இடுக்குகள் இல்லாமல், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை. வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. அவள் உட்கார்ந்து கொக்கிகளை அவிழ்த்தாள். குழந்தை இரண்டு தேம்பலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டது, ஒரு கையால் அவள் தாலிக்கயிற்றைப் பற்றிக்கொண்டு மூக்கால் மூச்சுவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்துச் சுருளிவேல் வந்தான். ஈரமான புத்தகத்தை எடுத்துவந்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து, அதைக் காற்றில் விசிறிக் காயவைத்தான், பிறகு முதல்முறையாகத் திறந்தான். ஒரு பக்கம் படித்தான்.

"மாட்டுத் தரகனுகதான் வர்றானுக" என்றான்.

"ஆமா."

"பால் மணக்குதுன்னாங்க?"

"சாணிதான் மணக்கும்."

அவன் இன்னொரு பக்கம் படித்தான். ஓரிடத்தில் சத்தமில்லாமல் சிரித்தான். பின்னால் ஒலிபெருக்கியில் கலிவரதன், இத்துடன் என் உரையை நிறைவு செய்கிறேன் என்று சொல்லிவிட்டு, இந்த நேரத்தில் ஒன்றை நினைவுகூராமல் இருக்க முடியவில்லை என்று மறுபடி தொடங்கினார்.

"பேங்க்ல கேட்டா என்னத்தடி சொல்ல?"

"கடலப் பாத்துட்டு வந்தோம்னு சொல்லுங்க."

குழந்தை வாயை எடுத்துவிட்டு அவளை அண்ணாந்து பார்த்தது, கோபம் இன்னும் தீரவில்லை. ஒச்சம்மாள் அதை மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.